மரக்கம்பனி மீனும் அண்ணனின் கடைக் கதிரையும்

சண்டை முடிந்து பாதை திறந்த பிறகு கொழும்பிலிருந்து தூண்டில் பிடிக்க வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். வேன் பிடித்து வருவார்கள். நீளத் தடி, கறுப்புக் கண்ணாடி, சின்னச் சின்ன அறை வைத்த பெட்டிகள். பெட்டிக்குள் இருப்பதெல்லாம் பொய் மீன். நல்ல மீனைப்போலவே செதிலும் கண்ணும் தீட்டி, வயிற்றிலும் வாலிலும் மூன்று கூர் உள்ள முள் தொங்கவிட்டிருக்கும். எங்கள் மட்டக்களப்பு வாவியில் கிடக்கும் கொடுவா மீனை ஏமாற்றுவதற்கு இத்தனை சோடனை.

அவர்கள் புளியந்தீவில் என் அண்ணனின் ஹாட்வெயார் கடைக்கு வந்து, கொடுவாவுக்கு எந்தக் கம்பனி மீன் திறம் என்று கேட்பார்கள். அண்ணன் ஒரு கம்பனியைச் சொல்லுவார். அன்றைக்கு என் வீட்டுக்காரரும் கடையில் இருந்தால் அவர் வேறொரு கம்பனியைச் சொல்லுவார். இரண்டு பேரும் கத்துகிற கத்தில், வந்தவர் இரண்டையும் வாங்கிக்கொண்டு போய்விடுவார். அண்ணனுக்கு வியாபாரம் படிந்ததே இப்படித்தான் என்று நினைக்கிறேன்.

எனக்கு மூன்றாவதாக ஒரு கம்பனி இருக்கிறது. என்னிடம் யாரும் கேட்டதில்லை. கேட்டாலும் நான் கதவுக்குப் பின்னால் போய்விடுவேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதற்குக் காரணமே, பாட்டுச் சொல்லு என்று எழுப்பிவிட்டால் மேசைக்குக் கீழே இருந்துவிடுவேன் என்பதுதான். வீட்டுக்குள் மட்டும் அப்படியில்லை. வெளியில் அடக்கிய கதையெல்லாம் சேர்த்து வீட்டுக்காரரிடம்தான் கொட்டுவேன். பாவம் அவர்.

கம்பனிப் பெயர் ஒன்றும் எங்களுக்கு வாசிக்கத் தெரியாது. எல்லாம் இங்கிலீசு. அதனால் பெட்டியையும் மீனையும் பார்த்து நாங்களே பெயர் வைத்துவிட்டோம். பெட்டியில் ஒரு மரம் வரைந்திருப்பது மரக்கம்பனி. ஆட்டினால் வயிற்றுக்குள் குண்டுமணிபோல ஏதோ கிலுகிலுவென்று சத்தம் போடுவது கிலுக்குக் கம்பனி. மஞ்சளும் கறுப்புமாகப் பெரிய கண், அதற்கு மை தீட்டினதுபோலச் சுற்றிலும் கோடு, உடம்பெல்லாம் மினுக்கம், அது கண்ணழகிக் கம்பனி. வீட்டுக்காரருக்குக் கிலுக்கு. அண்ணனுக்குக் கண்ணழகி. இந்தப் பிரிவினை இன்று நேற்று வந்ததல்ல. சுனாமி வந்த வருடத்துக்கு அடுத்த வருடம் வந்தது.

என் வீட்டுக்காரர் வாகரை ஆள். எங்கள் பக்கத்தில் கலியாணம் கட்டினால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவது. அப்படித்தான் அவரும் தன்னாமுனைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வளவுக்கு வந்தார். வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்லுவோம். வருடத்தில் பாதி எங்கள் ஆற்றிலும், மாரி தொடங்கினால் வாகரைக்குப் போய்ச் சகோதரங்களோடும் தொழில் செய்வார். சுனாமி வந்த அந்த மாரிக்கும் தோணியும் வலையும் வாகரைக் கடற்கரையில்தான் கிடந்தன. அன்று காலையில் தமக்கையின் வயலுக்குப் பசளை மூட்டை தூக்கப் போனதால் அவர் மிஞ்சினார். தோணி மிஞ்சவில்லை. அங்கே கடலோடு போனவர்களைப் பற்றி அவர் பேசமாட்டார். நானும் எழுதவில்லை.

பிறகு எல்லாருக்கும் புதுத் தோணி கொடுத்தார்கள். வாகரையில் போய்க் கேட்டால், நீ இப்போது மட்டக்களப்புப் பக்கத்து ஆள் என்றார்கள். இங்கே கேட்டால், உன் தோணி போனது வாகரையில் அல்லவா என்றார்கள். இப்படி அங்கும் இங்கும் நடந்ததில் அவருடைய செருப்புத்தான் தேய்ந்தது.

அந்த நாட்களில்தான் கிணறு இறைத்துத் துப்புரவாக்க ஒரு வெள்ளைக்காரர் வந்திருந்தார். தென்னைமரம்போல உயரம். எங்கள் கிணற்றடிக்கு வரும்போதெல்லாம் நான் குசினிக்குள் ஓடிவிடுவேன். அவருக்கும் தூண்டில் பைத்தியம். பின்னேரம் வேலை முடிந்ததும் என் வீட்டுக்காரரும் அவரும் ஆற்றங்கரைக்குப் போவார்கள். ஒருவர் பேசுவது மற்றவருக்கு விளங்காது. கையைக் காலை ஆட்டிக் கதைப்பார்கள். வெள்ளைக்காரர் பொய் மீனை எறிந்து எறிந்து இழுத்தார். ஒன்றும் படவில்லை. அவர் தண்ணீரில்லாத தரவைப் பக்கமாகப் பார்த்து எறிந்திருந்தாலும் அவ்வளவுதான் பட்டிருக்கும் என்று வீட்டுக்காரர் வந்து சொன்னார். ஊருக்குத் திரும்பும்போது அந்த மனிதர் தன் மீன் பெட்டியை இவர் கையில் வைத்து, தோளில் தட்டிவிட்டுப் போனார். மூன்று கம்பனியும் அந்தப் பெட்டியில்தான் எங்கள் வீட்டுக்கு வந்தன.

"தோணி கேட்ட மனிசனுக்குப் பொம்மை தந்திட்டுப் போயிருக்கார்" என்றேன்.

"பொம்மை இல்லகா. இது கொடுவாவுக்கெண்டு செய்தது. தோணி தேவையில்ல, வலை தேவையில்ல. கரையில நிண்டு எறிஞ்சாப் போதும்."

"அவர் எறிஞ்சாரே, என்ன பட்டது?"

"அதுக்கொரு காரணம் இரிக்கி. புறகு சொல்லுறன்."

இதற்குள் அண்ணன் வந்துவிட்டார். அண்ணனும் கலியாணம் கட்டிப் புளியந்தீவுக்குப் பெண் வீட்டுக்குப் போனவர்தான். கடை அண்ணியின் சீதனம். ஆனால் அண்ணன் பேசுவதைக் கேட்டால் ஒல்லாந்தர் கோட்டை கட்டின காலத்திலேயே இவர்தான் சீமெந்து கொடுத்தார் என்று நினைக்கவேண்டிவரும்.

"மச்சான், தோணி இனிக் கிடைக்காது. சும்மா ஆத்தைப் பாத்துக்கொண்டிரிந்து என்ன செய்யிற? என்ட கடையில வந்திரி. ஆணி நிறுத்துக் குடு, பெயின்ட் கலந்து குடு. நிழலுக்க இரிக்கலாம்" என்றார் அண்ணன்.

என் வீட்டுக்காரர் நிழலுக்குள் இருக்கிற ஆள் இல்லை. சோறு தின்னும்போதுகூடக் கால் ஆற்றுப் பக்கம்தான் நீண்டிருக்கும். அவரை ஒரு கதிரையில் இருத்திவிட்டால் அந்த மனிதர் முடிந்துபோவார் என்று எனக்குத் தெரியும். ஆனால் அண்ணனுக்கு முன்னால் என் வாயிலிருந்து ஓம் என்பதைத் தவிர வேறு சொல் வந்ததில்லை. தேத்தண்ணியை வைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"கண்ணகை அம்மன் கோயில் கதவு திறக்குறத்துக்கு முந்தி ஒரு கொடுவா புடிச்சுக் காட்டுறன் மச்சான். புடிச்சா நான் ஆத்தோட இரிப்பன். புடிக்காட்டிக் கடைக்கு வாறன்" என்றார் வீட்டுக்காரர்.

"கொடுவா புடிச்சவன் ஆத்தோட, புடிக்காதவன் கடைக்கு. பேச்சு மாறக்கூடா" என்றார் அண்ணன்.

வைகாசியில் அம்மன் கோயில் கதவு திறந்தால் குளிர்த்திச் சடங்கு முடியும்வரை ஊரில் யாரும் மீனைத் தொடமாட்டார்கள். சட்டியைக்கூடக் கழுவிக் கவிழ்த்துவிடுவோம். ஆகவே அதற்குப் பிறகு தவணை கேட்க வழியில்லை.

வெறுமையான பால்மாத் தகரப் பேணி ஒன்றில் தங்கூசி நூலைச் சுற்றி, நுனியில் கிலுக்கைக் கட்டி, அவர் ஆற்றங்கரைக்குப் போகத் தொடங்கினார். வெள்ளைக்காரருக்கு ஏன் மீன் படவில்லை என்ற காரணத்தையும் அப்போதுதான் சொன்னார்.

"அந்த மனிசன் றால் கொழுவல்ல. பிளாஸ்டிக்கை எந்த மீன் தின்னும்? முள்ளில ஒரு உயிர் றாலைக் கொழுவினா, மீனைக் கண்டு கிட்ட வரும், றாலைக் கண்டு கவ்வும்."

எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. எங்கள் ஆற்றில் பிறந்த யாருக்கும் அப்படித்தான் படும். தூண்டில் என்றால் றால். றால் இல்லாத தூண்டில், கறியில்லாத சோறு.

ஆகவே விடியற்காலையில் அத்தாங்கு வலை போட்டு றால் வடிப்பார். ஒவ்வொரு பொய் மீனின் வயிற்று முள்ளிலும் ஒரு துள்ளுகிற றால். எறிவார், இழுப்பார். பொய் மீன் மல்லாந்துகொண்டு வரும். கெளுத்திக் குஞ்சுகள் வந்து றாலைப் பிய்த்துத் தின்றுவிட்டுப் போகும். கிலுக்கு சரியில்லை என்று மரத்தைக் கட்டுவார். மரம் சரியில்லை என்று கண்ணழகியைக் கட்டுவார். பின்னேரம் வந்து கம்பனிகளைத் திட்டுவார். அண்ணனும் இடையில் வந்து பார்த்துவிட்டு, மினுங்குகிற சாமான்தான் விலைப்படும், கண்ணழகியைப் போடு என்று கடைக்காரப் புத்தி சொல்லிவிட்டுப் போவார். இப்படி றால் கொழுவியே மூன்று கம்பனியின் குணத்தையும் தீர்மானித்தோம். பிழை முழுக்க றாலில் இருந்தது. பழி முழுக்கக் கம்பனிக்காரனுக்குப் போனது.

றால் நாற்றத்துக்குப் பெட்டியெல்லாம் எறும்பு. அதனால் அவர் கொண்டுவந்து போடும் பொய் மீன்களைக் கிணற்றடிச் சீமெந்துத் தொட்டியில் கழுவுவது என் வேலையானது. எங்கள் வீட்டுப் பூனை தொட்டி விளிம்பில் வந்து இருக்கும். முதலில் றாலோடு போட்டேன். பூனை றாலைத் தட்டி எடுத்துத் தின்றுவிட்டு முகத்தைத் துடைத்தது. பொய் மீனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

ஒரு நாள் றாலெல்லாம் கழற்றி எறிந்துவிட்டு, மரக்கம்பனி மீனை நூலில் பிடித்துத் தொட்டித் தண்ணீரில் அலசினேன். அலச இழுத்ததுதான். அந்த மீன் தலையைக் குனிந்து உள்ளே போய், இடுப்பை ஆட்டி ஆட்டி நீந்திற்று. புதுச் சீலை கட்டிக் கோயிலுக்குப் போகிற பெண்களுடைய நடை. இழுப்பை நிறுத்தினேன். தானாக மேலே மிதந்து வந்தது. மறுபடி இழுத்தேன். பூனை முதுகைக் கூனி, பின்னங்காலை மிதித்துப் பார்த்து, ஒரே பாய்ச்சல். தொட்டிக்குள் விழுந்து, அது போட்ட கூச்சலில் கோழிகள் வேலிக்கு மேலால் பறந்தன. நல்ல காலம், முள் ஏறவில்லை.

பூனையைத் துடைத்துவிட்டு மற்ற இரண்டையும் போட்டுப் பார்த்தேன். கிலுக்கு தண்ணீரில் போட்டதும் அடியில் போய்க் கல்லுப்போலக் கிடந்தது. இழுத்தால் சத்தம் நல்லாகத்தான் இருந்தது. கண்ணழகி பாதி ஆழத்தில் ஒய்யாரமாகத் திரிந்தது. பூனை இரண்டையும் வேலி ஓரத்தில் இருந்து பார்த்தது. கிட்ட வரவில்லை. நனைந்த பூனைதானே என்று இப்போது நினைக்கிறேன். அன்றைக்கு அது பெரிய தீர்ப்பாகத் தெரிந்தது.

அவர் வந்ததும் சொன்னேன்.

"இஞ்ச பாருங்க, றாலைக் கழத்துங்க. றால் தொங்கினா அது மீன் மாதிரி நீந்துதில்ல. நோய்க்காரன் மாதிரிக் கிடக்கு."

"உனக்கு ஆரு சொன்ன?"

"பூனை சொன்னது."

"சரிதான். பூனையிட்டத் தொழில் படிக்கிற காலம் வந்திட்டு."

"பூனைக்குத் தோணி இல்லாட்டியும் மீனுக்குக் குறைவில்லையே."

றாலைக் கழற்றினார். ஆனால் முழு மனத்தோடு இல்லை. கரைக்குப் போகும்போது ஒள்ளுப்பம், ஒரு நாலைந்து றால் சாரன் மடிக்குள் இருக்கத்தான் செய்தது.

றால் போனபிறகு கதை மாறியது. கண்ணழகியை ஒரு பெரிய கொடுவா கவ்விற்று. இவர் வெட்டி இழுத்தபோது முள் நிமிர்ந்து, ஊசிபோல நேராகி, வெறுங்கையாக வந்தது. மினுக்கத்தைத் தீட்டின கம்பனிக்காரன் முள்ளைப் பார்க்க மறந்துவிட்டான். கிலுக்கு தாழ்ந்து போய் அடியில் கிடந்த பாலத்துக் கல்லில் மாட்டி அறுந்தது. இரண்டு தரம் முக்குளித்துத் தேடியும் கிடைக்கவில்லை. அந்த இரவு அவர் சோறு தின்னவில்லை. கிலுக்குமேல் அவருக்குள்ள பிரியம் அன்றைக்குப் பிடித்ததுதான். கையில் இருப்பவளைவிடத் தொலைந்துபோனவள்தானே ஆண்களுக்குத் திறமாகத் தெரியும்.

மரக்கம்பனி மட்டும் மிஞ்சியது. அது தண்ணீரில் நிற்கும் கண்ணா மரங்களின் வேருக்குள் எத்தனையோ தரம் மாட்டியது. ஆனால் நூலை விட்டுக்கொடுத்தால் தானாகக் கழன்று மிதந்து வரும். ஏழை வீட்டுக்கு ஏற்ற குணம். இருப்பதே ஒன்றென்றால் திரும்பி வருவதுதான் நல்ல கம்பனி.

தவணையின் கடைசி நாள். அடுத்த நாள் விடியக் கோயில் கதவு திறக்கும். அன்று பின்னேரம் அண்ணன் மோட்டார் சைக்கிளில் வந்தார். கையில் ஒரு பை. பைக்குள் புது நீளக் களிசான். கடையில் இருக்கிற ஆள் சாரனோடு இருக்கக்கூடாதாம்.

வீட்டுக்காரர் ஆற்றங்கரையில் நிற்கிறார் என்று கையால் காட்டினேன். அண்ணன் நடந்தார். நான் தேத்தண்ணிப் போத்தலோடு பின்னால் போய், ஒரு கண்ணா மரத்துக்குப் பின்னால் நின்றேன்.

"என்ன மச்சான், இன்னும் விளையாட்டுச் சாமானோடதான் நிக்கியா? கொண்டா, களிசான் அளவைப் பாப்பம்" என்றார் அண்ணன்.

"விளையாட்டுச் சாமானெண்டா ஒருக்கா எறிஞ்சு பாருங்களன் மச்சான்" என்று பேணியை நீட்டினார் வீட்டுக்காரர்.

அண்ணன் சேட் கையை மடித்துவிட்டு எறிந்தார். மீன் ஆற்றுக்குப் போகவில்லை. பின்னால் சுற்றி வந்து அவருடைய சேட் முதுகிலேயே கொழுவியது. அதைக் கழற்றும்வரை இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் திட்டினார்கள். நான் போத்தலை வாயில் வைத்துச் சிரிப்பை அடக்கினேன்.

இரண்டாவது எறிவு எப்படியோ கண்ணா வேருக்கு ஓரமாக விழுந்தது.

"இழுங்க" என்றார் வீட்டுக்காரர். "நில்லுங்க. மிதக்க விடுங்க. மறுகா இழுங்க…"

தண்ணீர் வெடித்தது. ஒரு கொடுவா, வெள்ளி அண்டாவைப் புரட்டினதுபோல, முழு உடம்பும் மேலே வந்து தலையை உதறி விழுந்தது. தங்கூசி அண்ணனின் கையை அறுத்துக்கொண்டு ஓடிற்று.

"மச்சான்! புடி மச்சான்! கை போகுது!"

"விடாதீங்க! தலையை மேல எடுக்க விடாதீங்க!" என்று கத்திக்கொண்டு வீட்டுக்காரர் இடுப்பளவு தண்ணீருக்குள் இறங்கினார். கொஞ்ச நேரம் யார் மீன், யார் மனிதன் என்றே தெரியவில்லை. கடைசியில் செவுளுக்குள் விரல் விட்டுத் தூக்கிக் கரையில் போட்டார். மரக்கம்பனி மீன் கொடுவாவின் வாய் ஓரத்தில் தொங்கிற்று. பொய் மீனின் சொண்டுத் தகடு ஒரு பக்கம் உடைந்திருந்தது. முள் நிமிரவில்லை.

இரண்டு பேரும் மணலில் இருந்து மூச்சு வாங்கினார்கள். அண்ணன் மீனைத் தடவித் தடவிப் பார்த்தார். கையில் இரத்தம் வடிந்தது, அது அவருக்குத் தெரியவில்லை. பிறகு ஏதோ நினைவு வந்து மெல்லச் சிரித்தார்.

"ஆனா மச்சான், பேச்சு என்ன? நீ புடிக்கணும் எண்டுதானே? இது நான் புடிச்சது. நாளைக்குக் காலையில கடைக்கு வா."

பகிடிக்குச் சொல்கிறாரா, உண்மைக்குச் சொல்கிறாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. வீட்டுக்காரருக்கும் பிடிபடவில்லை. அவர் சொன்ன சொல் மாறமாட்டார். வாகரையார் அப்படித்தான். எழும்பினார், ஆற்றில் கை கழுவினார், களிசான் பையை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். ஆற்றைப் பார்க்காமல் நின்றார். அவர் ஆற்றைப் பார்க்காமல் நின்று நான் கண்டது அதுதான் முதல் தரம்.

எப்படி மரத்துக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தேன் என்று தெரியாது.

"அண்ணன்" என்றேன்.

இரண்டு பேரும் கிறுகிப் பார்த்தார்கள்.

"கொடுவா புடிச்சவர் ஆத்தோட, புடிக்காதவர் கடைக்கு. அதுதானே நீங்க சொன்ன? அப்ப நீங்கதான் ஆத்தோட இரிக்கணும். இவர் போய் உங்கட கதிரையில இரிக்கட்டும். அண்ணிக்கிட்ட நான் சொல்லுறன்."

அண்ணனின் வாய் திறந்தபடியே இருந்தது. முதலில் சிரித்தது வீட்டுக்காரர்தான். தொடங்கினவர் மணலில் குந்திவிட்டார். பிறகு அண்ணனும் சிரித்தார்.

"இவள் எப்ப கதைக்கப் பழகின மச்சான்?"

"எனக்கு ஒவ்வொரு நாளும் இதுதான் மச்சான். உங்களுக்கு இண்டைக்குத்தான்."

"அண்ணிக்கிட்ட ஒண்டும் சொல்லாத, தாயே. உன்ட புருசனை நீயே வச்சிரி. ஆத்தையும் நீயே வச்சிரி."

எனக்குக் காது சுட்டது. போத்தலைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடிவந்துவிட்டேன். தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கவில்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் நினைவு வந்தது.

அன்று கொடுவாத் தலையை அண்ணனுக்கு வைத்தேன். தின்றுவிட்டு, சட்டியைக் கழுவிக் கவிழ்த்தேன். களிசானை வீட்டுக்காரர் ஒரு நாளும் போடவில்லை. அதில் ஒரு காலை வெட்டி, அடியைத் தைத்து, பொய் மீன்கள் போட்டுவைக்கப் பை செய்தேன். நல்ல துணி. இன்றும் கிழியவில்லை.

குளிர்த்தி முடிந்து முதல் ஞாயிற்றுக்கிழமை, கோழி கூவ முந்தி படலையில் மோட்டார் சைக்கிள் சத்தம். அண்ணன். சும்மா வந்தாராம். சும்மா வந்தவர் கையில் ஒரு பேணியும் தங்கூசியும் இருந்தன.

பிறகு மறுபடி சண்டை வந்தது. வாகரைச் சனம் உடுத்த உடுப்போடு எங்கள் பக்கம் வந்தது. வீட்டுக்காரரின் தமக்கை குடும்பம் எங்கள் வளவில் பாய் போட்டது. வலைக்கும் தோணிக்கும் ஆமிக்காரர் பாஸ் கேட்டார்கள், நேரம் வைத்தார்கள். பால்மாப் பேணியை யாரும் கேட்கவில்லை. அந்த நாட்களில் எங்கள் சட்டியில் மீன் விழுந்தது அந்தப் பேணியால். ஒரு தரம் அண்ணன் எங்கேயோ தேடி ஒரு கிலுக்கு வாங்கிக் கொடுத்து, வீட்டுக்காரர் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தபோது சென்றியில் காவல் நின்ற ஆமிப் பையன் தட்டிப் பார்த்தான். உள்ளே கிலுகிலு. அவன் இரண்டு அடி பின்னால் போனான். இவர் அதை நூலில் கட்டி, பக்கத்துத் தண்ணீர்க் கானில் இழுத்து நீந்தவிட்டுக் காட்டினாராம். அவன் பார்த்தான், மற்றவனைக் கூப்பிட்டான், இன்னொருவனையும் கூப்பிட்டான். கடைசியில் அவனே வாங்கி இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தானாம். வீட்டுக்கு வந்து, "பாத்தியா, கிலுக்குக்கு இருக்கிற மதிப்பை" என்றார். சிரித்தேன். அவர் ஒரே மூச்சில் இரண்டு செம்பு தண்ணீர் குடித்ததைப் பார்க்காததுபோல இருந்தேன்.

இப்போது தோணியும் இருக்கிறது. பாலத்தில் வரிசையாகத் தடிகள் நீட்டியிருக்கின்றன. அண்ணன் கடையில் ஆணிப் பெட்டிக்கு மேலே மூன்று கம்பனி மீன்களும் மாலைபோலத் தொங்குகின்றன. காற்சட்டையை முழங்காலுக்கு மடித்துவிட்டு அண்ணன் எங்கள் கரையில் நிற்கும் நாட்களில் அண்ணி எனக்கு போன் பண்ணுவா.

"உன்ட அண்ணன் அங்கதானே? கடை திறக்கல்ல. அவரை வரச்சொல்லு."

அவர் என்று அண்ணி சொல்வது என் வீட்டுக்காரரை. அவரும் சாரனோடு போய், அண்ணனின் கதிரையில் மத்தியானம்வரை இருந்து, வருகிற எல்லாருக்கும் கிலுக்கை விற்றுவிட்டு வருவார். அவருக்கு அதில் இப்போது ஒரு சந்தோசம்கூட. பின்னேரம் ஆறு இருக்கிறது என்று தெரிந்தால் கதிரையில் இருக்கலாம்போல.

போன கிழமை அண்ணன் வந்து தேத்தண்ணி குடித்துவிட்டு, சுவரில் தொங்கும் களிசான் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். சொண்டு உடைந்த மரக்கம்பனி மீன் அதற்குள்தான் இருக்கிறது.

"அந்த மரத்தை நாளைக்கு ஒருக்கா தாவன்."

"கடையில கண்ணழகி குலைகுலையாத் தொங்குதே அண்ணன்" என்றேன். இப்போதெல்லாம் அண்ணனிடம் கொஞ்சம் பேசுவேன்.

"அது விக்கிறத்துக்குகா" என்றார் அண்ணன்.